சாவி உள்ளே, செருப்பும் உள்ளே!

காலை மணி பதினொன்றரை. நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளை கார் நிற்கிறது. கையில் தேங்காய்மூடியும் பூவும் வைத்த பிரசாதப் பையோடு, காலில் செருப்பில்லாமல், ஓர் அம்மாள் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்க்கிறார். எதுவும் அசையவில்லை. மூன்றாவது சுற்றில், எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டியால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்கண்ணு, கோயிலைச் சுத்தோணும். காரை எதுக்குச் சுத்தறே?"

சுற்றியிருந்த நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கார் சாவி டிக்கிக்குள். கைப்பை டிக்கிக்குள். கைப்பையில் பணமும் வீட்டுச் சாவியும். செருப்பும் அங்கேதான். செல்போன், முன் கண்ணாடிக்குப் பின்னால் சார்ஜில் தொங்கியபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

யாரிடமும் சொல்லாத பயணம்

சேலத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, 60 வயதில் ஓய்வு பெற்றவர் அவர். அந்தக் காரை வாங்கியது கணவர். ஓட்டியதும் கணவர்தான். அவர் காலமான பிறகு இரண்டு வருடம் கார் போர்ட்டிகோவில் உறை போட்டபடியே கிடந்தது. "வித்துடலாம்மா, சும்மா நின்னா பேட்டரிதான் வீணாப்போகும்" என்று சென்னையிலிருந்து மகள் இரண்டு முறை சொல்லிவிட்டாள். டீச்சர் பதில் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற ஆறாவது மாதம், தன் பழைய மாணவிகள் வயதுப் பெண்களோடு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். லைசென்ஸ் வாங்கினார். கோயில், மார்க்கெட், பென்ஷன் ஆபீஸ் என்று ஊருக்குள் ஓட்டிப் பழகினார்.

"ஊருக்குள்ள ஓட்டிக்கோ. வெளியூர்னா டிரைவர் போட்டுக்கோ" என்பது மகளின் கட்டளை. டீச்சருக்கு வெளியூர் போக வேண்டும். தனியாகப் போக வேண்டும். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

சேலத்திலிருந்து நாமக்கல் சுமார் 50 கிலோமீட்டர். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஏற்ற தூரம். சீலநாயக்கன்பட்டியைத் தாண்டிவிட்டால் ஊர் இரைச்சல் பின்னால் போய்விடும். இடப்பக்கம் ஜருகுமலை கூடவே வரும். அது முடியும்போது போதமலை. சமவெளி என்றுதான் பெயர். இந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய இடமெல்லாம் ஏதாவது ஒரு மலையோ கரடோ தலைநீட்டிக்கொண்டிருக்கும். நடுவே மரவள்ளிக்கிழங்குக் காடுகள். அந்தக் கிழங்குதான் ஆலைகளில் அரைபட்டு, வெயிலில் வெள்ளை வெளேரென்று காய்ந்து, ஜவ்வரிசியாக நாடு முழுக்கப் போகிறது. மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், புதன்சந்தை என்று பெயர்ப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆண்டகளூர் கேட்டில் திரும்பினால், நெய்க்குப் பேர்போன ராசிபுரம்.

டீச்சர் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. முட்டை ஏற்றிய வண்டிகளும் கேஸ் டேங்கர்களும் கூண்டு லாரிகளும் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டு, எட்டிப்பார்த்து, கையைத் தூக்கி 'பார்த்துப் போங்க' என்பதுபோல் காட்டிவிட்டுப் போனார். வழிக்கு மேப் போட்டிருந்தார். ஆனால், அது காட்டிய குறுக்குச் சந்துகளுக்குள் நுழையவில்லை. 2024 ஜனவரியில் கூடலூரில், மேப்பை நம்பி வந்த கார் ஒன்று படிக்கட்டில் இறங்கி நின்ற செய்தியை அவர் மறக்கவில்லை. மெயின் ரோட்டிலேயே வந்து, கோட்டைப் பாறை கண்ணில் பட்டதும் 'வந்துட்டேன்' என்று வாய்விட்டுச் சொன்னார். பக்கத்து சீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. அதுவும் பிடித்திருந்தது.

ஒரு பாறை, இரண்டு குகைகள், ஒரு கணக்குப் புலி

நாமக்கல் ஊரின் நடுவில் நிற்பது ஒரே பாறை. நாமகிரி என்பது அதன் பெயர். உச்சியில் கோட்டை. பாறையின் ஒரு பக்கம் நரசிம்மரும் இன்னொரு பக்கம் ரங்கநாதரும் குகைக்குள் இருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் அதியமான் மரபினர் குடைந்த கோயில்கள் அவை. நரசிம்மரைக் கைகூப்பிப் பார்த்தபடி, 18 அடி உயரத்தில் ஆஞ்சநேயர். தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலும் மழையும் நேராக அவர் மேல்தான். அனுமன் ஜெயந்தியன்று ஒரு லட்சத்து எட்டு வடைகளைக் கோத்து அவருக்கு மாலை சாத்துவார்கள்.

டீச்சர் இங்கே வந்ததற்கு வடைமாலை காரணமில்லை. நரசிம்மர் கோயிலில் இருக்கும் நாமகிரித் தாயார்தான் காரணம். கணித மேதை ராமானுஜன் குடும்பத்தின் குலதெய்வம் அவர். தன் கனவில் வந்து சூத்திரங்களைச் சொன்னது அந்தத் தாயார்தான் என்று ராமானுஜன் சொல்லியிருக்கிறார். முப்பது வருடம் வகுப்பில் இதைச் சொன்ன டீச்சர், 1729 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதிக் கதை சொல்லாத வருடமே இல்லை. லண்டனில் நோயில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தான் ஏறி வந்த டாக்ஸியின் எண் 1729 என்றும், அதில் விசேஷம் ஏதும் இல்லை என்றும் சொன்னார். 'இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது' என்றார் ராமானுஜன். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தால் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் அதே 1729.

இவ்வளவு தெரிந்த டீச்சர், காரைப் பூட்டிவிட்டு நாலடி நடந்தார். 'கோயிலுக்குச் செருப்பு எதற்கு, கூட்டத்தில் யாராவது மாட்டிக்கொண்டு போய்விட்டால்?' என்று தோன்றியது. திரும்பி வந்து, சாவியைப் போட்டு டிக்கியை மட்டும் திறந்தார். செருப்பை வைத்தார். கைப்பையும் எதற்கு என்று, நூறு ரூபாயை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு பையையும் வைத்தார். பணம் எடுத்த கை, சாவியைப் பைக்குள் போட்டது. இன்னொரு கை டிக்கியை அழுத்தி மூடியது. கதவுகள் ஏற்கெனவே பூட்டியிருந்தன. டிக்கி, மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம்.

எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்ற திருப்தியோடு, ஒரு மணி நேரம் நிம்மதியாக சாமி கும்பிட்டார்.

பத்து இலக்கம்

"போன் பண்ணுங்கம்மா, வீட்டுல இருந்து ரெண்டாவது சாவியைக் கொண்டு வரட்டும்" என்றார் பக்கத்து செல்போன் கடைப் பையன், தன் போனை நீட்டி.

டீச்சர் போனை வாங்கிக்கொண்டு நின்றார்.

இரண்டாவது சாவி சேலத்தில், வீட்டு பீரோவில் இருக்கிறது. வீட்டுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் உண்டு. பக்கத்து வீட்டு எண்? தெரியாது. மகளின் எண்? தொட்டால் போகும் எண் அது, சொன்னால் வராது. தங்கை, தோழி, பால்காரர், கேஸ்காரர் எல்லாருடைய எண்களும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. மனப்பாடமாகத் தெரிந்தது தன் சொந்த எண். தன்னைத் தானே கூப்பிட்டு என்ன பேசுவது?

ராமானுஜனுக்குச் சூத்திரம் சொன்ன தாயாரின் வாசலில், ஒரு கணக்கு டீச்சருக்குப் பத்து இலக்கம் ஞாபகம் வரவில்லை.

வெயில் ஏறியது. தார் ரோடு சுட்டது. டீச்சர் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்குவதைப் பார்த்த பூக்காரப் பாட்டி, தன் ரப்பர் செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டார். "போட்டுக்க கண்ணு. நான் உக்காந்த இடத்துல இருந்து எங்க போகப் போறேன்?"

அந்தச் செருப்பில் கால் வைத்தபோதுதான் டீச்சருக்குக் கண் கலங்கியது. அழுதுவிடக் கூடாது என்று அண்ணாந்து பார்த்தார். அப்போது இன்னோர் எண் நினைவுக்கு வந்தது.

கணவரின் எண். இருபது வருடமாக ரேஷன் கார்டு, கேஸ், பாங்க், ஆஸ்பத்திரி என்று எந்தப் படிவத்திலும் அவர் எழுதிய எண் அதுதான். கணவர் போன பிறகும் அந்த சிம்மை எடுக்கவில்லை. பாங்க் ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வருகிறது என்று மகள் தன் போனில் இரண்டாவது சிம்மாகப் போட்டு வைத்திருக்கிறாள்.

ஆக, ஞாபகம் இருந்த ஒரே எண், யாருக்குத் தெரியக் கூடாது என்று கிளம்பினாரோ அவளிடமே போய்ச் சேரும். தெரிந்தால் அவள் என்ன சொல்வாள் என்பதும் தெரியும். இரண்டு முறை சொன்னதை மூன்றாவது முறை சொல்வாள். இந்த முறை பதில் சொல்ல வாய் இருக்காது.

பத்து இலக்கத்தையும் அழுத்தினார்.

"ஹலோ?"

"நான்தான்."

"அம்மா? யார் போன் இது? எங்க இருக்கே?"

"நாமக்கல்ல."

"நாமக்கல்லா? யாரோட?"

"தனியா. வண்டியில."

ஒரு வினாடி சத்தமில்லை. "அடிகிடி பட்டுச்சா?"

"எனக்கும் ஒண்ணுமில்ல, வண்டிக்கும் ஒண்ணுமில்ல. சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

மறுமுனையில் பெருமூச்சு. "சரி, நிழல்ல நில்லு. பக்கத்து வீட்டுக்குப் பேசறேன். இன்சூரன்ஸ்லயும் கேக்கறேன். இந்த நம்பர்லயே இரு." கார் பேச்சே வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"இதே ரோடுதானுங்க, நாக்பூர்!"

சேலத்திலிருந்து சாவி வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர்.

"கண்ணாடியை உடைக்கறேன், கம்பியை விடறேன்னு எவனாச்சும் வந்தா விடாதீங்கம்மா. நம்ம பையன் ஒருத்தன் இருக்கறானுங்க, பட்டறையில. வரச் சொல்லியிருக்கறேன்."

வண்டி சம்பந்தமாக ஒரு கஷ்டம் வருவதானால், அது நாமக்கல்லில் வருவது நல்லது. லாரி வாங்கியதும் அதற்கு பாடி கட்ட வரும் ஊர் இது. மரவேலை, வெல்டிங், பெயின்ட், சீட் தைக்கிறவர், எழுத்து எழுதுகிறவர் என்று ஒரு லாரியைச் சுற்றி எத்தனை தொழில் உண்டோ அத்தனையும் இங்கே இருக்கிறது. தென் மாநிலங்களுக்கு கேஸ் கொண்டுபோகும் டேங்கர்களின் தலைமை ஊரும் இதுதான். பக்கத்தில் திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போனது. அதற்கு அந்தப் பக்கம் சங்ககிரி, இன்னொரு லாரி ஊர். டி.என். 28, டி.என். 34, டி.என். 52 என்று எண் எழுதிய வண்டிகளை வட நாட்டின் எந்த நெடுஞ்சாலையிலும் பார்க்கலாம். இந்த ஊர் ஆண்களில் பலர், வருடத்தில் பாதி நாள் பாஷை தெரியாத ஊர்களில் வாழ்ந்தவர்கள்.

"நீங்க வந்தீங்களே, இதே ரோடுதானுங்க, வடக்கால போனா நாக்பூர்" என்றார் பெரியவர். அவர் சொன்னது சரி. பழைய எண் 7, இப்போது 44. ஸ்ரீநகரில் தொடங்கி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், நாமக்கல் வழியாகக் கன்னியாகுமரி வரை போகும், நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை அது. "அங்க ஒருக்கா ஆக்சில் போயி நின்னுட்டேனுங்க. கிளீனர் பையனும் காய்ச்சல்ல படுத்துட்டான். பாஷை தெரியாது. கையில காசு இல்லை. ஒரு தாபாக்காரரு மூணு நாள் சோறு போட்டாரு. ஊர் பேரு கேட்டதோட சரி. நீங்க சாவியை விட்டுட்டு இவ்ளோ வெக்கப்படறீங்க. நான் சாமானெல்லாம் கடைக்குப் போயிட்டு, கைப்பிரேக் போடாம விட்டு, வண்டி தானா நடந்து போனதைப் பின்னாலயே ஓடிப்போய்ப் பிடிச்சவனுங்க!"

அவ்வளவுதான். ஆளுக்கொரு கதை வெளியே வந்தது. செல்போன் கடைப் பையன், வேறொருவர் பைக்கில் தன் சாவி போட்டு அது ஸ்டார்ட்டும் ஆகி, வீடு வரை போன கதையைச் சொன்னார். பூக்காரப் பாட்டி, பஸ்ஸில் தூங்கிப்போய் கரூரில் இறங்கிய கதையைச் சொன்னார். டீச்சர் அப்போதுதான் சிரித்தார்.

ஊரே திரும்பிப் பார்த்தது

பட்டறைப் பையன் பைக்கில் வந்து இறங்கினார். வந்ததும் காரைத் தொடவில்லை. "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா, வண்டி உங்களதுதானுங்களா?" என்று கேட்டார். ஆர்சி புத்தகமும் காருக்குள்தான்.

"என் நம்பருக்கு அடிங்க தம்பி" என்றார் டீச்சர்.

அடித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் போன் ஒளிர்ந்தது. திரையில் டீச்சரும் கணவரும், ஏற்காடு ஏரிக்கரையில். பயன்படாது என்று நினைத்த எண்ணுக்கும் ஒரு வேலை வந்தது.

பையன் பையிலிருந்து, ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை மாதிரி ஒன்றை எடுத்தார். கதவின் மேல் ஓரத்தில் அதைச் செருகி, பம்ப்பை அழுத்தினார். பட்டை காற்றில் உப்ப உப்ப, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் கனத்துக்கு இடைவெளி. துணி சுற்றிய நீளக் கம்பி ஒன்று உள்ளே போனது. கைப்பிடியைத் தேடியது, நழுவியது, மறுபடி தேடியது. 'டக்'.

கதவு திறந்தது. அடுத்த நொடி காரின் அலாரம் அலறத் தொடங்கியது.

கோயில் வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஆட்டோ ஸ்டாண்டே எழுந்து நின்றது. 'திருட்டு கார்' என்று ஒரு சின்னப் பையன் கத்தினான். டீச்சர் காருக்குள் பாய்ந்து டிக்கி நெம்பைத் தேடி இழுத்து, பாட்டி செருப்போடு பின்பக்கம் ஓடி, பைக்குள் கையை விட்டு, சாவியை எடுத்து அழுத்தினார். அலாரம் நின்றது. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள்.

பட்டறைப் பையன் முந்நூறு ரூபாய் கேட்டார். ஐந்நூறு கொடுத்ததற்கு இருநூறைத் திருப்பிக் கொடுத்தார். பாட்டி செருப்புக்கு எதுவும் வாங்கவில்லை. "அப்போ நாலு முழம் பூ குடுங்க" என்றார் டீச்சர். "நாலு முழத்தை வச்சு என்ன பண்ணப் போறே? ரெண்டு போதும்" என்று அளந்தார் பாட்டி.

மகளுக்குப் பேசி, பக்கத்து வீட்டுப் பையனைக் கிளம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டீச்சர் மெயின் ரோட்டுக்கு வந்தார். திரும்பும்போது மலைகள் வலப்பக்கம் வந்தன. மல்லூருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தி, சாவியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு டீ குடித்தார்.

தனியாகக் கிளம்பும் முன்

டீச்சர் அன்று கற்றுக்கொண்டது எல்லாருக்கும் பயன்படும்.

• மூன்று பேருடைய எண்களைத் தாளில் எழுதி, கைப்பையில் அல்ல, உடம்போடு இருக்கும் சின்ன பர்ஸில் வையுங்கள். ஓர் எண்ணையாவது மனப்பாடம் செய்யுங்கள்.

• இரண்டாவது சாவி பீரோவில் இருந்து பயனில்லை. எடுத்து வரக்கூடிய ஒருவரிடம் இருக்கட்டும்.

• கார் இன்சூரன்ஸில் வழித்துணை உதவி சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, எந்த அவசரத்துக்கும் 112.

• பூட்டிய காருக்குள் குழந்தையோ முதியவரோ இருந்தால் மெக்கானிக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். வெயிலில் கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். அவர்களுக்குத் தள்ளியிருக்கும் ஜன்னல் கண்ணாடியை உடனே உடையுங்கள்.

• எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

மூன்றாவது முறை

அன்று இரவு மகள் பேசினாள். சாப்பாடு, மாத்திரை எல்லாம் விசாரித்து முடித்தாள். டீச்சர் காத்திருந்தார்.

"அம்மா, வண்டியை வித்துடலாம்னு சொன்னேன்ல?"

"ம்."

"இன்னிக்கு அப்பா நம்பர்ல இருந்து மணி அடிச்சப்போ, ஏதோ பாங்க்னு நினைச்சுதான் எடுத்தேன். உன் குரல் கேட்டதும்..." நிறுத்தினாள். "விக்க வேண்டாம். ஆனா அந்த ரெண்டாவது சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்து வை."

"சாயங்காலமே குடுத்துட்டேன்."

"அடுத்து எங்க போறே? சொல்லிட்டுப் போ."

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். நாமக்கல்லில், கிழக்கே நீலமாகத் தெரிந்த மலை நினைவுக்கு வந்தது.

"கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவாம்..."

"அம்மா! அதுக்கு மட்டும் நான் வர்றேன்."

"வா. பக்கத்து சீட்ல உக்காந்துக்கோ" என்றார் டீச்சர்.